நெல்லின் குட்டை நோயும் ஷிகாவின் உழவரும்

புகையிலைத் தேமல் நோயின் கூறு, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்துவிடுகிறது என்று ரஷ்யாவின் இவானொவ்ஸ்கி 1892இல் கண்டார். அது பாக்டீரியாவே அன்று, வேறொன்று என ஹாலந்தின் பெய்ஜெரிங்க் 1898இல் துணிந்து சொன்னார். வைரசு இயலின் வரலாற்றை நாம் இவ்விருவரிடமிருந்தே தொடங்குகிறோம். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் ஜப்பானில் நிகழ்ந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஷிகா மாவட்டத்து வயல்களில் குட்டை நோய் கண்டிருந்தது. நோயுற்ற நெல் வளர்ச்சி குன்றும். இலை கரும்பச்சையாகி, நரம்புகளை ஒட்டி வெண்புள்ளிகள் வரிசையிடும். தூர்கள் பெருகும், கதிர் வாராது. அங்கே ஹாஷிமோட்டோ என்ற நெல் விவசாயி, இந்நோய்க்கும் தத்துப்பூச்சிக்கும் உள்ள தொடர்பை 1894இல் சோதித்து அறிந்தார். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது இதற்கு மூன்றாண்டுகள் பின்னர்தான். ஹாஷிமோட்டோ ஆய்வுக் கட்டுரை எதுவும் வெளியிடவில்லை. பூச்சியின் பங்கை அச்சில் ஏற்றியவர் டகாடா, ஆண்டு 1895-96.

தத்துப்பூச்சியே நோய்க்குக் காரணம் என்று அன்று கருதினர். நோயில்லாத இடத்துப் பூச்சிகள் பயிரைக் கெடுக்கவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே பூச்சி வெறும் தூதுவன் என்றாயிற்று. அந்த எண்ணத்தையும் ஃபுகுஷி மாற்றினார். நோய்க்கூறு தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியே சேய்க்குச் செல்கிறது என்று 1933இல் காட்டினார். நோயுற்ற பயிரை மீண்டும் உண்ணாமலே ஏழு தலைமுறைகள் வரை அது தொடர்வதை 1940இல் வெளியிட்டார். தாய் பெற்றது அத்தனை தலைமுறைக்குப் பங்கிடப்பட்டும் தீரவில்லை என்றால், பூச்சியின் உடலுக்குள்ளேயே அது பெருகியிருக்க வேண்டும். நெல்லைப் போலவே பூச்சியும் அதற்கு வீடு.

இன்று இவ்வைரசு ஃபைட்டோரியோவைரஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதன் மரபுப்பொருள் பன்னிரண்டு துண்டுகளாலான இரட்டை இழை ஆர்.என்.ஏ. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குத் தரும் ரோட்டாவைரசும், ஆடுகளின் நீலநாக்கு நோய் வைரசும் இதன் சுற்றம்.

அறிவியல் வரலாறு அச்சேறியதை முதலில் எண்ணுவதில் நியாயம் உண்டு. பிறர் சோதித்துப் பார்க்க ஏடு வேண்டும். ஆயினும் கேள்வி எங்கே பிறந்தது என்பதையும் நாம் எழுதிவைக்க வேண்டும். குட்டை நோயைப் பொறுத்தவரை அது ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. விளைச்சலை இழந்துகொண்டிருந்த வயலில் பிறந்தது. டகாடா, ஃபுகுஷி என்ற வரிசையில் ஹாஷிமோட்டோவின் பெயர் முதலில் நிற்பதே முறை.