வராத தானிய வண்டிகள்

சென்ற வாரம் மங்கோலியப் பேரரசர் மோங்கே கானின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். 1259 ஆகஸ்ட் மாதம், இன்றைய சோங்சிங் நகருக்கு வடக்கே தியாவ்யூ மலைக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது அவர் இறந்தார். கொள்ளைநோய் என்று சிலர் எழுதிவைத்தார்கள். கோட்டையிலிருந்து வந்த கல்லடி என்றார்கள் வேறு சிலர். எப்படியானாலும், தனக்குப் பின் யார் என்று சொல்லிவைக்காமல் போய்விட்டார்.

அந்த நாளில் அவருடைய மூன்று தம்பிகளும் மூன்று திசையில் இருந்தார்கள். குப்ளாய், யாங்சி ஆற்றைக் கடந்து தென்சீனத்துச் சோங் அரசோடு போரிடும் முனைப்பில் இருந்தார். 1258-ல் பாக்தாத்தை அழித்த ஹுலாகு, அடுத்து சிரியாவைக் குறிவைத்திருந்தார். கடைக்குட்டி அரிக் போகே மட்டும் தலைநகர் கரகோரத்தில், அண்ணன் ஒப்படைத்துவிட்டுப் போன வீட்டைக் காத்துக்கொண்டிருந்தார். நால்வரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

மங்கோலியரிடம் மூத்தவனுக்கே பட்டம் என்ற விதி கிடையாது. மூத்த பிள்ளைகள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு தொலைதூர மேய்ச்சல் நிலங்களுக்குப் போவார்கள். அப்பாவின் கூடாரமும் அடுப்பும் இளையவனுக்கு. பேரரசர் யார் என்பதைக் குருல்தாய் என்ற குடும்பப் பேரவை கூடி முடிவு செய்ய வேண்டும். செங்கிஸ் கானின் எல்லாக் கிளைகளும் அதற்கு வரவேண்டும், கூடும் இடமும் அவருடைய தாய்மண்ணாக இருக்க வேண்டும். புல்வெளியில் நாலு நாள் குதிரைப் பயணத்துக்குள் எல்லா உறவும் இருந்த காலத்து வழக்கம் அது. 1241-ல் செங்கிஸின் மகனும் அடுத்த பேரரசருமான ஓகதாய் இறந்தபோதே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க 1246 வரை இழுத்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் அவருடைய விதவை தோரெகனே ஆட்சியைக் கையில் வைத்திருந்தார்.

இந்த முறை யாரும் காத்திருக்கவில்லை. அரிக் போகேயின் ஆட்கள் தங்கள் முகாமுக்குப் பக்கத்திலேயே படை திரட்டுகிறார்கள் என்று குப்ளாயின் மனைவி சாபி தூதுவிட்டார். குப்ளாய் சோங் போரை அப்படியே விட்டுவிட்டு வடக்கே விரைந்தார். 1260 மே மாதம், தன் தளமான கைப்பிங்கில் தன் ஆதரவாளர்களைக் கூட்டி, தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் கரகோரத்தில் அரிக் போகேயும் பட்டம் ஏறினார். ஒரு நாற்காலி, இரண்டு கான்கள்.

மங்கோலிய வழக்கத்தை வைத்துப் பார்த்தால் நியாயம் அரிக் போகே பக்கம்தான் என்பது என் கருத்து. மோங்கேயின் அமைச்சர்களும் மனைவி மக்களும் அவரோடு நின்றார்கள். தாய்மண்ணும் தலைநகரும் அவர் கையில் இருந்தன. குப்ளாயின் குருல்தாயோ சீன எல்லையில், பாதி வீடு வராமல் நடந்தது. வென்றவரின் பெயரையே நாம் படித்து வளர்ந்துவிட்டதால் தம்பியைக் கலகக்காரராக நினைத்துப் பழகிவிட்டோம்.

ஆனால் கரகோரத்தின் வயிறு வேறிடத்தில் இருந்தது. புல்வெளியில் ஆடு மேயும், குதிரை மேயும், தானியம் விளையாது. ஓகதாய் அங்கே நகரம் எழுப்பியபோது, நாள்தோறும் 500 வண்டிகள் உணவும் பானமும் ஏற்றிக்கொண்டு வந்துசேர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்-தீன் எழுதுகிறார். அந்த வண்டிகள் பெரும்பாலும் வடசீனத்து வயல்களிலிருந்து வந்தவை. அந்த வயல்கள் இப்போது குப்ளாய் கையில். அவர் செய்த முதல் காரியம் வண்டிகளை நிறுத்தியது. ஊர் பட்டினியில் விழுந்தது.

அரிக் போகேக்கு இருந்த ஒரே வழி மத்திய ஆசியா. செங்கிஸின் இன்னொரு மகன் சகதாயின் பேரன் அல்குவை அங்கே ஆள அனுப்பினார். தானியமும் ஆயுதமும் திரட்டி அனுப்ப வேண்டும் என்பது பேச்சு. அல்கு போனார், வலுப்பெற்றார், வரி கேட்டு வந்த தூதர்களைக் கொன்றார், திரட்டியதைத் தானே வைத்துக்கொண்டார். சீனமும் போய், மத்திய ஆசியாவும் போன பிறகு அரிக் போகே ஆத்திரத்தில் தவறு செய்தார். மத்திய ஆசியாவின் இலி பள்ளத்தாக்கில் புகுந்து அல்குவைத் துரத்திவிட்டு, 1263-ன் குளிர்காலத்தை அங்கேயே கழித்தார். அவருடைய வீரர்கள் ஊரைச் சூறையாடினார்கள். குதிரைகளுக்குக் கோதுமையைப் போட்டார்கள். வசந்தம் வந்தபோது ஊர்மக்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தார்கள். சொந்தத் தளபதிகளே முகம் சுளித்து ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்.

1264-ல் அரிக் போகே அண்ணனிடம் சரணடைந்தார். குற்றவாளிக்குரிய முறைப்படி, கூடாரத்தின் வாசல் திரை தோளில் கிடக்க நிற்கவைத்தார்கள். உள்ளே அழைத்துப் பார்த்தபோது இருவருமே அழுதார்கள். நம் இருவரில் யார் பக்கம் நியாயம் என்று குப்ளாய் கேட்டார். அன்று எங்கள் பக்கம் இருந்தது, இன்று உங்கள் பக்கம் இருக்கிறது என்ற பொருளில் தம்பி பதில் சொன்னாராம். தோற்று நிற்கும்போதும் தன் பட்டம் பொய் என்று ஒப்புக்கொள்ளாத அந்தத் தலைநிமிர்வு என்னை ஒவ்வொரு முறையும் தொடுகிறது. அவருடைய முக்கிய ஆலோசகர்களைக் குப்ளாய் கொன்றார். தம்பியை என்ன செய்வது என்று ஹுலாகு, மேற்குப் புல்வெளியை ஆண்ட பெர்கே, அல்கு மூவரிடமும் கருத்துக் கேட்டார், பேரவைக்கும் அழைத்தார். அந்தப் பேரவை கூடவே இல்லை. கொஞ்ச காலத்துக்குள் மூவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். 1266-ல் காவலில் இருந்த அரிக் போகேயும் இறந்தார். விஷம் என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

மேற்கே நடந்ததும் பங்காளிச் சண்டைதான். ஈரானை வென்ற ஹுலாகுவின் படையில் செங்கிஸின் மூத்த மகன் ஜோச்சியின் கிளை இளவரசர்களும் இருந்தார்கள். அங்கே தங்களுக்கும் பங்குண்டு என்பது அவர்கள் நினைப்பு. அஜர்பைஜானின் செழித்த மேய்ச்சல் நிலங்களை ஹுலாகு தனக்கென்று வைத்துக்கொண்டார். அந்த இளவரசர்களும் அவர் முகாமில் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போனார்கள். ஜோச்சியின் மகன் பெர்கே இஸ்லாத்தைத் தழுவியவர், பாக்தாத்தின் கலீபா கொல்லப்பட்டதும் அவருக்கு ஆறாத வடு. 1262-ல் போர் வெடித்தது. அடுத்த ஜனவரியில் ஹுலாகுவின் படை உறைந்த தெரக் ஆற்றின்மேல் பின்வாங்கியபோது பனி உடைந்தது. ஆற்றில் மூழ்கியவர்களும் துரத்தியவர்களும் மங்கோலியர்கள். பெர்கே எகிப்தின் சுல்தான் பைபர்ஸோடு கைகோத்தார். சொந்தச் சித்தப்பா மகனை அடிக்க அந்நியரோடு ஓர் உடன்படிக்கை! செங்கிஸ் கான் கண்ட பேரரசு என் கணக்கில் முடிந்தது அங்கேதான்.

பிறகு கைது என்பவர் வந்தார். ஓகதாயின் பேரன். மோங்கே 1251-ல் பட்டம் ஏறியதும் ஓகதாய் வீட்டாரைக் கொன்று குவித்தபோது தப்பிப் பிழைத்த சிறுவன். அந்தக் கணக்கை அவர் மறக்கவே இல்லை. 1301-ல் சாகும்வரை குப்ளாய் வீட்டோடு மோதினார். கிழக்கையும் மேற்கையும் இணைத்த வழிகள் அவருடைய போர்க்களங்களாக மாறின.

அதன் விளைவை ஒரு பதினேழு வயதுப் பெண் அனுபவித்தாள். ஈரானை ஆண்ட ஆர்குன், தன் மனைவி இறந்ததால் அதே குலத்துப் பெண் வேண்டும் என்று குப்ளாயிடம் ஆளனுப்பினார். கோகோச்சின் என்ற அந்தப் பெண்ணைத் தரைவழியே அனுப்பினார்கள். எட்டு மாதம் போன பிறகு, போரினால் வழி அடைபட்டுத் திரும்பி வந்தார்கள் என்று மார்க்கோ போலோ சொல்கிறார். வேறு வழியில்லாமல் கப்பல். சுவான்சூ துறைமுகத்தில் 14 கப்பல்கள் புறப்பட்டன. நம்மவர்களுக்குத் தெரிந்த துறைமுகம்தான் அது. கானின் உடல்நலம் வேண்டி 1281-ல் அங்கே ஒரு சிவன் கோயில் எழுப்பப்பட்டதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கப்பல்கள் சுமத்ராவில் பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. பின் இந்தியக் கடலைக் கடந்தன. கூட வந்தவர்களில் பெரும்பாலோர் வழியிலேயே இறந்தார்கள்.

கோகோச்சின் 1293-ல் ஈரான் போய்ச் சேர்ந்தாள். ஆர்குன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளை அவருடைய மகன் கஸானுக்கு மணமுடித்தார்கள்.