பட்டா நம்ம பேர்ல, குழாய் அவங்க பேர்ல

நெய்வேலிக்குப் பக்கத்துல இருக்கிற நமக்கு நிலம் எடுக்கறதுன்னா ஒரே அர்த்தம்தான். நிலக்கரிக்கு எடுத்தா ஊரே காலி. 2023 ஜூலையில வளையமாதேவியில, வாய்க்கால் வெட்டணும்னு நின்ன நெல்லுக்குள்ள பொக்லைன் இறங்கினதை எல்லாரும் பார்த்தோம். ஆனா நிலத்தை எடுக்காமலே எடுக்கிற சட்டம் ஒண்ணும் நம்ம நாட்டுல இருக்குங்க. கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து விவசாயிங்க பல வருஷம் அதோட மல்லுக்கட்டினாங்க. அந்தக் கதையைத்தான் எழுதறேன்.

அது 1962-ல வந்த பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். அசாம்ல எடுத்த எண்ணெயை பீகார் பரௌனி ஆலைக்குக் குழாயில கொண்டுபோன காலம். நிலத்தை வாங்க வேண்டாம், அதுல குழாய் போடற "பயன்பாட்டு உரிமை" மட்டும் போதும்னு முடிவு பண்ணாங்க. பட்டா உங்க பேர்லயே இருக்கும். மேல நெல்லு நடலாம், மல்லாட்டை போடலாம். மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. இதுக்கு இழப்பீடு நிலத்தோட சந்தை மதிப்புல 10 சதவீதம். பயிர், மரம் போனா அதுக்குத் தனி. ஆட்சேபனை இருந்தா அரசிதழ்ல அறிவிப்பு வந்த 21 நாளுக்குள்ள சொல்லணும். அரசிதழ் படிக்கிற விவசாயி யாரு இருக்கான்?

இந்தச் சட்டத்தை வச்சுத்தான் மாநிலம் தாண்டிப் போற பெரிய எரிவாயுக் குழாயும் போட்டாங்க. கெயில் நிறுவனம் 1984-ல ஆரம்பிச்சது. குஜராத் ஹசீராவுல இருந்து மத்தியப் பிரதேசம் விஜய்பூர் வழியா உத்தரப் பிரதேசம் ஜகதீஷ்பூர் வரைக்கும் குழாய். வழியில இருந்த உர ஆலைகளுக்கு அதுதான் உயிர். நாம போடற யூரியாவே இந்த வாயுவுல இருந்துதான் வருது. அப்புறம் 2004-ல தாகேஜ்ல கப்பல் வாயு இறங்க ஆரம்பிச்சதும், தாகேஜ்-விஜய்பூர்னு இன்னொரு குழாயும் வந்துச்சு.

தெற்க கொச்சியில இருந்து பெங்களூருக்கும் மங்களூருக்கும் அடுத்த திட்டம். தமிழ்நாட்டுல கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரின்னு 7 மாவட்டம், சுமார் 310 கிலோமீட்டர். அங்க சிக்கிடுச்சு. கொங்கு நாட்டுல எல்லாம் சின்னச் சின்னத் தோப்பு, கிணத்துப் பாசனம். 20 மீட்டர் அகலம் கேட்டாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. சதுரமா இருக்கிற ஒரு ஏக்கர் பக்கத்துக்கு 64 மீட்டர். குறுக்க 20 மீட்டர் போனா சுமார் 31 சென்ட் போச்சு. தென்னை வச்சவனுக்கு அதுல மல்லாட்டை போட்டுக்கன்னு சொன்னா எப்படி?

2013-ல கோவையில அரசாங்கம் விவசாயிங்க கிட்ட கருத்துக் கேட்டுச்சு. தேசிய நெடுஞ்சாலை ஓரமா கொண்டு போங்கன்னு ஜெயலலிதா அரசு உத்தரவும் போட்டுச்சு. கெயில் கோர்ட்டுக்குப் போச்சு. 2013 நவம்பர் 25 அன்னைக்கு சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. மத்திய சட்டத்துல நடக்கிற வேலையை மாநில அரசு தடுக்க முடியாதுங்கறதுதான் சாரம். 2016 பிப்ரவரி 2 அன்னைக்கு உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிடுச்சு.

நடுவுல, 2014 ஜூன் 27 விடியக்காலை, ஆந்திராவுல கோதாவரிப் பக்கம் நகரம் கிராமத்துல கெயில் குழாய் வெடிச்சது. 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுவும் தென்னை சூழ்ந்த ஊர்தான். பயத்தைச் சும்மா கிளப்பிவிடறாங்கன்னு அதுக்கப்புறம் யாரும் சொல்ல முடியல.

வாயு வேண்டாம்னு நான் சொல்லலீங்க. குஜராத் மோர்பியில பல பீங்கான் ஆலைங்க குழாய் வாயுல ஓடுது. நம்ம விருத்தாசலம் பீங்கான் சூளைக்கும் வந்தா நல்லதுதான். ஆனா அது யாரோட முந்திரித் தோப்புக்கு நடுவுல வரும், வழியை யாரு முடிவு பண்றதுங்கறதுல நமக்கும் ஒரு வார்த்தை இருக்கணும். பத்து சதவீதத்தைக் கையில குடுத்துட்டு வாயை மூடுன்னா ஒத்துக்க முடியாது.

கொச்சி-மங்களூரு குழாயை 2021 ஜனவரி 5 அன்னைக்குப் பிரதமர் திறந்து வச்சார். கேரளாவுல வாளையார் வரைக்கும் வேலை முடிஞ்சுது. இந்தப் பக்கம், 2022 ஏப்ரல்ல தருமபுரி மாவட்டத்துல நிலம் அளக்க வந்தப்போ ஊர் ஜனங்க மறிச்சாங்க. அந்தப் போராட்டத்துக்கு நடுவுல ஒரு விவசாயி உயிரை விட்டுட்டார்.