முப்புரி

திண்டுக்கல் தோல் ஷாப்பில் என் தாத்தாவுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. குழியிலிருந்து இழுத்துப் போட்ட தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் ஊறணும்" என்பார். அந்த விரலுக்கு அடியில் இருந்தது கொலாஜன் என்ற புரதம் என்று கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது. அதன் வடிவத்தைக் கண்டுபிடித்தது சென்னை கிண்டியில் என்று தெரிய இன்னும் சில வருடம் ஆனது.

எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். வயது முப்பதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. சென்னைக்கு வந்த பெர்னால் என்ற படிகவியல் அறிஞர், கொலாஜனுக்கு அதுவரை சொல்லப்பட்ட வடிவம் எதுவும் சரியில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே, 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். கங்காரு வாலின் தசைநாண் அங்கிருந்து கிடைத்தது. அதை எக்ஸ்ரேயில் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்: கொலாஜன் மூன்று இழை சேர்ந்தது. அடுத்த வருடத் திருத்தத்தில் அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன.

முப்புரிக் கயிறேதான். ஒவ்வொரு இழையும் இடப்பக்கம் முறுக்கிக்கொள்ள, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கும். எதிர் முறுக்கு இல்லாவிட்டால் கயிறு பிரிந்துவிடும் என்பது கயிறு திரிப்பவருக்குத் தெரிந்த சங்கதி. நடுவில் இடமே கிடையாது. அதனால்தான் இழையில் மூன்று அமினோ அமிலத்துக்கு ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களில் ஆகச் சின்னது, பக்கத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு.

கேம்பிரிட்ஜில் இருந்த ரிச், கிரிக் என்ற இரு ஆய்வாளர்கள் முறுக்கை ஏற்றார்கள், கணக்கை ஏற்கவில்லை. ராமச்சந்திரன் சொன்னதுபோல மூன்று அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் சில அணுக்கள் இடித்துக்கொள்ளும், ஒன்றுதான் சாத்தியம் என்றார்கள். அப்படியானால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? கிண்டியில் அதையே அளக்க உட்கார்ந்துவிட்டார்கள். ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட படம் இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது: புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எங்கே திரும்ப முடியாது என்று காட்டும் படம். கொலாஜனைவிட அதுதான் பெரிய காரியம் என்பேன். ரோஷத்தில் பிறந்த படம் என்றும் எனக்கொரு எண்ணம்.

இரண்டாவது பிணைப்பை அவர் சும்மா விடவில்லை. இழைகளுக்கு நடுவே தண்ணீர் மூலக்கூறு நின்று பாலம் போடலாம் என்று 1968இல் எழுதினார். 1994இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு படிகத்தைத் துல்லியமாகப் படமெடுத்தபோது, நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. சுற்றிலும் தண்ணீர்ப் பாலங்களும் இருந்தன. ஆளுக்குப் பாதி வெற்றி.

பதனிடாத தோலை அறுபது, அறுபத்தைந்து டிகிரி வெந்நீரில் போட்டால் சுருண்டுவிடும். சூடு ஏற ஏற ஒழுங்கைவிடக் கலைசலுக்கே பலம் கூடி, முறுக்குப் பிரிந்துவிடுகிறது. ஆவாரம்பட்டைச் சாறு இழைகளுக்கிடையே புகுந்து கட்டிவைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். குரோம் ஏற்றியது கொதிநீரையே தாங்கும். பிரிந்த இழைகள் ஆறினால் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு தண்ணீரைச் சிறைபிடிக்கும். அதுதான் ஜெலட்டின்.

பாட்டி வைத்த ஆட்டுக்கால் சூப் மிஞ்சினால் காலையில் தளதளவென்று உறைந்திருக்கும். தாத்தா சட்டியைச் சாய்த்துப் பார்ப்பார். "வஜ்ஜிரமாயிடுச்சு. அடுப்புல வை, இளகிரும்."