கயாக் பிறந்த கதை

கிரீன்லாந்துக் கரையில் பலகை அறுக்க மரம் கிடையாது. முளைப்பதெல்லாம் பாசியும் குட்டைப் புதரும்தான். சாப்பாடோ கடலில் கிடக்கிறது. இந்த நெருக்கடிக்குள் பிறந்ததுதான் கயாக் என்ற தோல் படகு. மேற்குக் கிரீன்லாந்தின் டிஸ்கோ விரிகுடாவில் தோண்டியெடுத்த கயாக் சட்டத் துண்டுகளுக்குச் சுமார் 4,000 வயது. இன்றைய கிரீன்லாந்து மக்களான இனுயிட்டுகளின் முன்னோர் அங்கே வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே யாரோ அதைக் கட்டி ஓட்டியிருக்கிறார்கள். பிறகு வந்த இனுயிட்டுகள் அந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மரத்தைக் கடலே கொண்டுவந்து போட்டது. சைபீரிய ஆறுகள் அடித்துச் சென்ற மரங்கள் பனிக்கட்டியோடு மிதந்து வந்து கரை ஒதுங்கும். அதைப் பிளந்து சட்டமும் விலாவும் செய்தார்கள். இணைப்புக்கு மரமுளையும் தோல்வாரும். இரும்பாணி இல்லாததே நல்லதாகப் போயிற்று. அலை மோதும்போது சட்டம் வளைந்து கொடுக்கும், முறியாது.

அளவுகோல், ஓட்டப்போகிறவரின் உடம்பு. கிரீன்லாந்துக் கணக்கில் நீளம் ஏறக்குறைய அவர் கையால் மூன்று பாகம். அகலம் அவருடைய இடுப்போடு இரண்டு முஷ்டி. தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, ஒருவருடையது இன்னொருவருக்குச் சரிப்படாது.

சட்டம் ஆண்கள் வேலை. அதை மிதக்கவைப்பது பெண்கள் வேலை. மயிர் நீக்கிய சீல் தோலை ஈரம் காயுமுன் சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்தி, விலங்கின் தசைநாணை நூலாக்கித் தைப்பார்கள். ஊசி தோலின் பாதிக் கனம்வரைதான் போகும்; மறுபக்கம் எட்டிப் பார்க்காது. துளையே விழாத தோலில் தண்ணீர் எங்கே நுழைவது? போதாக்குறைக்கு, நனைந்த தசைநாண் உப்பித் தையலை இன்னும் இறுக்கும்.

இவ்வளவும் கையிலும் கண்ணிலும் இருந்த வித்தை, ஏட்டில் இல்லை. வடமேற்குக் கிரீன்லாந்தின் இனுகுயிட் மக்களை 1818இல் பிரிட்டிஷ் மாலுமி ஜான் ராஸ் சந்தித்தபோது அவர்களிடம் கயாக்கே இல்லை. தெரிந்த பெரியவர்களை நோய் வாரிக்கொண்டு போனதால் தொழில் அற்றுப்போனது என்பார்கள். 1860களில் பாஃபின் தீவிலிருந்து கிட்லாக் என்பவரின் தலைமையில் சில குடும்பங்கள் பனியைக் கடந்து வந்து சேர்ந்தன. அவர்களிடம் பார்த்துப் பார்த்து இனுகுயிட்டுகள் மறுபடியும் கயாக் கட்டினார்கள். அந்த ஊரைப் பொறுத்தவரை கயாக் இரண்டு முறை பிறந்தது.

ஐரோப்பாவில் அது விளையாட்டுப் பொருளாயிற்று. 1905இல் ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ் என்ற ஜெர்மன் மாணவர் மடித்து எடுத்துப்போகும் கயாக்கைச் செய்தார். யோஹான் கிளெப்பர் அதன் உரிமையை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அது பந்தயமேறியது. பின்னால் ஃபைபரும் பிளாஸ்டிக்கும் வந்தன. யாரும் உட்காரலாம் என்ற பொது அளவும் கூடவே வந்தது.

இனுகுயிட்டுகளோ இன்றும் அதை வேட்டைக்குத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வாழும் கானாக் ஊர்ப் பக்கம் நார்வால் திமிங்கிலத்தின்மேல் முதல் எறியீட்டி கயாக்கிலிருந்துதான் பாய வேண்டும் என்பது ஊர் விதி. மோட்டார் சத்தம் கேட்டால் நார்வால் மிரண்டு ஓடிவிடும்.