தைவானில் தன்பாலினத் திருமண உரிமை: ஒரு வாக்குறுதியின் வரலாறு

ஆசியாவில் தன்பாலினத் திருமணத்தை முதலில் சட்டமாக்கியது தைவான். 2019 மே 24 அன்று அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேர்தல் நேரத்தில் ஒரு தலைவர் கொடுத்த வாக்கும், அதை நிறைவேற்றச் சொல்லிப் பல ஆண்டுகள் விடாமல் கேட்டவர்களின் உழைப்பும் சேர்ந்தே அதைக் கொண்டுவந்தன. வாக்குக் கொடுத்ததோடு விட்டிருந்தால் சட்டம் வந்திருக்காது.

கேட்கத் தொடங்கியவர் சி சியா-வெய். 1986இல், ராணுவச் சட்டம் இன்னும் விலகாத காலத்தில், தம் துணைவரை மணக்க அனுமதி கேட்டுத் தைபே நீதிமன்றத்தை நாடினார். மறுக்கப்பட்டதும் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தன்பாலீர்ப்பாளர்கள் இச்சையைத் தீர்த்துக்கொள்ள அலையும் சிறுபான்மையினர், நல்லொழுக்கத்துக்கு மாறானவர்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அதே ஆண்டு ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையிலும் இருந்தார். வெளியே வந்தவர் ஓயவில்லை. 2000இல் அரசமைப்பு நீதிமன்றத்தை அணுகினார், மனு தள்ளுபடியானது. 2013இல் தைபேயின் வான்ஹுவா வட்டார குடிப்பதிவு அலுவலகத்தில் மறுபடியும் விண்ணப்பித்தார். ஊர்வலங்களில் வானவில் கொடியைக் கையில் ஏந்தி, உயரமான இடம் எதுவானாலும் ஏறி நின்று அசைப்பது அவர் வழக்கம்.

குடிப்பதிவு அலுவலகத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. தைவானில் 2008 முதல் பதிவு செய்தால்தான் திருமணம் செல்லும். சடங்கோ விருந்தோ சட்டத்தின் கண்ணில் கணக்கில்லை. பதிவானதும் அடையாள அட்டையின் பின்புறத்தில் துணைவர் பெயருக்கான கட்டம் நிரம்பும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் சட்டப்படி அந்த இருவரும் அந்நியர்களே. இத்தனை போராட்டமும் அந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

நாடாளுமன்றத்தில் முதல் முயற்சிகள் முளையிலேயே கருகின. 2006இல் நாடாளுமன்ற உறுப்பினர் சியாவ் பி-கிம் கொண்டுவந்த மசோதா விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. 2013இல் குடிமை அமைப்புகள் எழுதித்தந்த வரைவு முதல் வாசிப்பைக் கடந்தது. எதிர்ப்பாளர்கள் தெருவில் திரண்டதும் முடங்கியது.

2015 அக்டோபர் 31, தைபேயின் வானவில் ஊர்வல நாள். அன்று, அதிபர் தேர்தலில் நின்ற சாய் இங்-வென் காணொளி ஒன்றில் தோன்றி, திருமணச் சமத்துவத்தை ஆதரிப்பதாகத் தம் பெயரைச் சொல்லியே அறிவித்தார். பூசி மெழுகாத வாக்கு அது. 2016 ஜனவரியில் அவர் வென்றார். 113 இடங்கள் கொண்ட அவையில் அவருடைய மக்கள் முற்போக்குக் கட்சிக்கு 68 கிடைத்தன. பெரும்பான்மை இல்லை என்று சொல்ல வழியே இல்லை. ஆனாலும் மாதங்கள் கடந்தன. கட்சிக்கு நெடுங்காலத் துணையாக நின்ற பிரஸ்பிட்டேரியன் திருச்சபை திருமணச் சமத்துவத்தை எதிர்த்தது; தெற்கு மாவட்டங்களின் உறுப்பினர்கள் வாக்காளர்களுக்கு அஞ்சினார்கள்.

2016 அக்டோபரில், தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்ற ழாக் பிக்கூ மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவருடன் 35 ஆண்டுகள் வாழ்ந்த துணைவர் முந்தைய ஆண்டு புற்றுநோயில் இறந்திருந்தார். துணைவரின் கடைசி நாட்களில் மருத்துவ முடிவெடுக்க பிக்கூவுக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்ற செய்தி நாட்டை உலுக்கியது. சட்ட நூலில் ஒரு பிரிவாக இருந்தது, மருத்துவமனைக் கட்டிலருகே கையொப்பமிட முடியாமல் நிற்கும் முதியவராக மக்கள் கண்முன் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் யூ மெய்-நு கொண்டுவந்த திருமணச் சமத்துவ மசோதா நவம்பரில் முதல் வாசிப்பைக் கடந்தது. டிசம்பர் 10, மனித உரிமை நாள், அதிபர் மாளிகைக்கு எதிரேயுள்ள கெட்டகலான் பெருஞ்சாலை ஆதரவாளர்களால் நிறைந்தது. சாய் கொடுத்த வாக்கை அவர் வாசலிலேயே நினைவூட்டினார்கள். அம்மாத இறுதியில் குழுநிலையில் மசோதா நிறைவேறியது. அதற்குமேல் நகரவில்லை.

அடைப்பை உடைத்தது அரசமைப்பு நீதிமன்றம்தான். சி சியா-வெய்யும் தைபே மாநகர அரசும் தொடுத்த மனுக்கள் 2017 மார்ச் 24 அன்று நேரலையில் விசாரிக்கப்பட்டன. இதே சாய் அரசின் நீதி அமைச்சர் அங்கே எதிர்த்து வாதிட்டார். மூதாதையர் நினைவுப் பலகையில் தந்தை, தாய் என்று எப்படி எழுதுவது என்றும் கேட்டார். அதிபர் ஆதரிப்பதாகச் சொன்னதை அவர் அமைச்சரே மறுத்து வாதிட்ட அந்தக் காட்சி, நம்பி வாக்களித்தவர்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும்! மே 24 அன்று, 748ஆம் எண் தீர்ப்பில், தன்பாலினத்தவருக்குத் திருமண உரிமை தராத குடிமைச் சட்டம் அரசமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் அறிவித்தது. இரண்டாண்டுக் கெடுவும் வைத்தது. அதற்குள் சட்டம் திருத்தப்படாவிட்டால் இணையர்கள் நேரே பதிவு செய்துகொள்ளலாம்.

ஒன்றரை ஆண்டு அரசு அசையவில்லை. அந்த இடைவெளியை எதிர்ப்பாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 2018 நவம்பர் 24 பொது வாக்கெடுப்பில், குடிமைச் சட்டத்தின்படியான திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற முன்மொழிவுக்கு 72 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். தாமதத்துக்குக் கொடுத்த விலை இது. உடனே சட்டம் இயற்றியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

தீர்ப்பையும் மீறக்கூடாது, வாக்கெடுப்பையும் மீறக்கூடாது. இந்த இக்கட்டில் பிரதமர் சூ செங்-சாங் தனிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். தலைப்பில் திருமணம் என்ற சொல்லே இல்லை. 748ஆம் தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் சட்டம் என்று மட்டுமே பெயர். சண்டை முழுவதும் 4ஆம் பிரிவில் வந்து நின்றது. இணையர்கள் குடிப்பதிவு அலுவலகத்தில் ‘திருமணப் பதிவு’ செய்யலாம் என்றது அது. அந்தச் சொல்லை நீக்கவே எதிர்த்தரப்பு மாற்று வரைவுகளைக் கொண்டுவந்தது. 2019 மே 17 அன்று அவைக்கு வெளியே கொட்டும் மழையில் பல்லாயிரம் பேர் காத்திருந்தனர். அந்தப் பிரிவு நிலைத்தது. சட்டம் 66க்கு 27 என்ற கணக்கில் நிறைவேறியது. மே 24 அன்று, முதல் நாளிலேயே, ஐந்நூறுக்கும் மேற்பட்ட இணையர்கள் பதிவு செய்தனர். அடுத்த ஜனவரியில் சாய் 57 விழுக்காடு வாக்குகளுடன் மீண்டும் அதிபரானார்.

சட்டம் முழுமையானதாக இல்லை. துணைவர் பெற்ற பிள்ளையை மட்டுமே தத்தெடுக்கலாம் என்றது. தன்பாலினத் திருமணத்தை ஏற்காத நாட்டைச் சேர்ந்தவரை மணக்கவும் வழி இருக்கவில்லை. ஆகவே கோரிக்கைகள் தொடர்ந்தன. 2023 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் வெளிநாட்டவரை மணக்க அனுமதித்தது. சீனக் குடிமக்கள் மட்டும் விடுபட்டனர். அதே ஆண்டு மே 16 அன்று நாடாளுமன்றம் இணையர் இருவரும் சேர்ந்து தத்தெடுக்கும் உரிமையை வழங்கியது. 2024 செப்டம்பரில், மூன்றாம் நாடொன்றில் மணம் முடித்த தைவான்-சீன இணையர்களுக்கும் பதிவு அலுவலகத்தின் கதவு திறந்தது.