உத்திரமேரூர் வட்டார வழக்கு

உத்திரமேரூர் வட்டார வழக்கு என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பேசப்படும் தமிழ் ஆகும். இது தனியொரு கிளைமொழி அன்று. செங்கல்பட்டு, திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலை எனப் பரந்து கிடக்கும் வடதமிழகப் பேச்சு வழக்கின் ஒரு பகுதியாகும். சென்னைத் தமிழ் எனப்படும் நகர வழக்கின் அடித்தளமும் இவ்வழக்கே. சென்னைத் தமிழ் நெடுங்காலம் திரைப்படங்களில் நகைப்புக்கு உரியதாகக் காட்டப்பட்டு வந்தமையால், அதற்கு நெருங்கிய உறவான இவ்வழக்கைப் பேசுவோரும் படிக்காதவர், நாகரிகம் அறியாதவர் எனப் பேச்சை வைத்தே எடைபோடப்படுவது உண்டு.

வட்டாரம்

உத்திரமேரூர் சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பாலாறும் செய்யாறும் பாயும் ஏரிப்பாசனப் பகுதி இது. நெல் முதன்மைப் பயிர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997 இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்தது. 2019 இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பின்னரும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தொடர்கிறது.

ஒலிப்பு

இவ்வழக்கில் கேட்போர் முதலில் கவனிப்பது ழகரத்தை. பழம் 'பயம்' எனவும், கோழி 'கோயி' எனவும், கழனி 'கயனி' எனவும், கூழ் 'கூய்' எனவும் ஒலிக்கும். இழுத்து என்பது 'இஸ்து' ஆகும். தமிழ் என்னும் பெயரிலேயே ழகரம் இருப்பதால், அவ்வெழுத்தை ஒலிக்காமை பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. ஆனால் இக்குற்றச்சாட்டு எல்லோர் மீதும் சமமாகச் சுமத்தப்படுவதில்லை. தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பொதுமக்கள் பேச்சில் ழகரம் ளகரமாகி, பழம் 'பளம்' என்றே வழங்குகிறது. ழகரத்தை இழந்த வகையில் 'பயம்', 'பளம்' இரண்டும் ஒன்றே. இருந்தும் முன்னதே கேலிக்கு உள்ளாகிறது.

திராவிட மொழிகள் பலவற்றிலும் இவ்வொலி மாறியுள்ளது. தமிழிலும் மலையாளத்திலும் கோழி எனப்படுவது கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி, துளுவில் கோரி என வழங்குகிறது. இவற்றை எவரும் கொச்சை என்பதில்லை. எழுத்துத் தமிழிலேயே 'பொழுது' என்பது ழகரம் நீங்கிப் 'போது' என ஆகியிருக்கிறது. 'வரும்போது' என எழுதும் எவரும் அதைப் பிழையாக எண்ணுவதில்லை.

வினைகள்

'கொண்டு' என்னும் துணைவினை பேச்சில் எங்கும் குறுகிவிடுகிறது. மதுரைப் பக்கம் 'செஞ்சுக்கிட்டு', பிராமணர் வழக்கில் 'செஞ்சுண்டு', உத்திரமேரூர்ப் பக்கம் 'செஞ்சிகினு'. மூன்றும் 'செய்துகொண்டு' என்பதன் சிதைவுகளே. இவற்றுள் 'கிட்டு' இயல்பான பேச்சாகவும், 'கினு' தாழ்ந்த பேச்சாகவும் கொள்ளப்படுவதற்கு மொழியியல் காரணம் ஏதும் இல்லை. முதலாவதைப் பேசியோர் வானொலியிலும் திரைப்படத்திலும் கதைத் தலைவர்களாக வந்தனர். இரண்டாவதைப் பேசியோர் சிரிப்பு மூட்ட வந்தனர். தஞ்சை, திருச்சி, மதுரைப் பகுதிகளில் படித்தோர் பேசிய தமிழே பொதுப் பேச்சுத்தமிழாகப் பரவியது என்பது ஆய்வாளர் கருத்து.

'இருக்கிறது' என்பது 'கீது' என்றும், 'போகும்போது' என்பது 'போசொல்ல' என்றும் வழங்கும். ஒருவரை அழைத்து வருவது 'இட்டுக்கினு' வருதல் ஆகும். உட்காருதல் 'குந்துதல்' எனப்படும்.

சொற்கள்

இவ்வட்டாரச் சொற்களிற் பல, கொச்சை எனத் தள்ளத்தக்கவை அல்ல. பழந்தமிழ்ச் சொற்களே ஆகும். நெல்விளையும் நிலம் பிற பகுதிகளில் பெரிதும் வயல் எனப்பட, இங்கே சங்க இலக்கியத்தில் பயின்று வரும் 'கழனி' அன்றாடச் சொல்லாக உள்ளது. பள்ளியில் செய்யுட் பகுதியில் கழனி என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதும் மாணவர், வீட்டில் பாட்டி 'கயனிக்குப் போறேன்' என்பது அதே சொல்தான் என உணர்வதில்லை.

நீர்ப்பாசனச் சொற்களும் இத்தகையவை. பாண்டி நாட்டில் கண்மாய் எனப்படுவது இங்கே ஏரி. அங்கே மறுகால் எனப்படும் மிகுநீர் வழி இங்கே கலங்கல். ஏரி என்னும் சொல்லுக்கு இவ்வூரிலேயே கல்லில் சான்று உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகக் கூறுவதால் புகழ்பெற்றவை. அவற்றில் ஏரிகளைப் பேணும் குழு 'ஏரி வாரியம்' எனப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மாறாமல் ஒரே ஊரில் ஒரே பொருளில் வழங்கும் சொல் இது.

நிலக்கடலை வட மாவட்டங்களில் 'மல்லாட்டை' எனப்படும். இது 'மணிலாக்கொட்டை' என்பதன் திரிபு. பிலிப்பைன்சின் மணிலா நகரப் பெயரே இதில் உள்ளது. விளைபொருள் விற்பனையில் 'மணிலா' என்றே எழுதுவதும் உண்டு.

பாட்டியைக் குறிக்கும் 'ஆயா' பெரும் குழப்பத்துக்கு இடம் தருவது. நகரங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கும் ஆயா என்று பெயர். அது போர்த்துக்கேய மொழியில் இருந்து வந்த வேறு சொல். 'எங்க ஆயா வந்துகீது' என்னும் சிறுவனின் பேச்சை நகரத்தார் வேறு விதமாகப் புரிந்துகொள்வதற்கு இதுவே காரணம். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்திலும் தாய்வழிப் பாட்டி ஆயா எனவே அழைக்கப்படுகிறார்.

இலக்கண மரபில்

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களில் தத்தம் குறிப்பில் வழங்குபவை திசைச்சொற்கள். உரையாசிரியர்கள் செந்தமிழ் நிலத்துக்கு வையை ஆற்றின் வடக்கு, மருத ஆற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு என எல்லை கூறினர். அவர்கள் தரும் பன்னிரு நிலங்களின் பட்டியலில் அருவாநாடு, அருவா வடதலை என்பனவும் உள்ளன. இவை தமிழகத்தின் வடகிழக்குப் பகுதியைக் குறிப்பன எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எனவே காஞ்சிப் பகுதியின் பேச்சு, உரையாசிரியர் காலத்திலேயே செந்தமிழுக்குப் புறத்தே வைத்து எண்ணப்பட்டது.

அருவாநாட்டார் வயலைச் 'செய்' என்றும் சிறுகுளத்தைக் 'கேணி' என்றும் கூறுவர் என்பது இலக்கண உரைகள் காட்டும் எடுத்துக்காட்டு. இச்சொற்கள் இழிந்தவை என அவ்வுரைகள் கூறவில்லை. செய்யுளில் வருவதற்கு உரியவை என ஏற்றுக்கொண்டே பட்டியலிட்டன. அந்தச் 'செய்' இன்று நன்செய், புன்செய் எனத் தமிழகம் முழுவதும் நிலப் பதிவுகளில் வழங்குகிறது. 'கேணி' சென்னையின் திருவல்லிக்கேணியில் உள்ளது.

பேச்சை வைத்து மதிப்பிடல்

பேச்சைக் கொண்டு ஆளை அளப்பது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. இதனை ஆராய்ந்த முதன்மையான ஆய்வு 1960 இல் கனடாவின் மொன்றியலில் வாலசு லாம்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. இருமொழியும் நன்கறிந்தோர் ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்க, அது ஒலிப்பதிவு செய்யப்பட்டது. கேட்டவர்களுக்கு இரு குரல்களும் ஒருவருடையவை எனத் தெரியாது. அதே ஆள் ஆங்கிலம் பேசியபோது பல பண்புகளில் உயர்வாக மதிப்பிடப்பட்டார். அவ்வாறு மதிப்பிட்டவர்களில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களும் இருந்தனர் என்பதே இவ்வாய்வின் முக்கிய முடிவு. தாழ்த்தப்பட்ட வழக்கைப் பேசுவோரே அத்தாழ்வை ஏற்றுக்கொள்கின்றனர். வெளியூரார் முன் தம் பேச்சை மாற்றிக்கொள்வதும், வீட்டாரின் பேச்சுக்காகக் கூச்சப்படுவதும் இதன் பாற்பட்டவை.

இது உயிரையே பறித்த நிகழ்வுகளும் உண்டு. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில், யோர்தான் ஆற்றுத் துறையில் 'ஷிபோலேத்' என்பதைச் 'சிபோலேத்' என ஒலித்த எப்பிராயீமர் கொல்லப்பட்டதாகக் கூறப்பட்டுள்ளது. இலங்கையில் 1983 ஜூலை இனக்கலவரத்தின்போது, வழிமறிக்கப்பட்டவர்கள் வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்னும் சிங்களச் சொல்லைச் சொல்லப் பணிக்கப்பட்டதும், ஒலிப்பைக் கொண்டு தமிழர் அடையாளம் காணப்பட்டதும் பதிவாகியுள்ளன.

திரைப்படங்களில்

1958 இல் வெளிவந்த சபாஷ் மீனா படத்தில் சந்திரபாபு ரிக்சா இழுப்பவராகச் சென்னைத் தமிழ் பேசி நடித்தார். பின்னர் லூஸ் மோகன் இவ்வழக்கையே தம் அடையாளமாகக் கொண்டார். பொதுவாக நகைச்சுவையாளர், அடியாள், குடிகாரர் ஆகியோருக்கே இப்பேச்சு ஒதுக்கப்பட்டது. பா. ரஞ்சித்தின் அட்டகத்தி (2012), மெட்ராஸ் (2014), மணிகண்டனின் காக்கா முட்டை (2015), வெற்றிமாறனின் வடசென்னை (2018) ஆகிய படங்களில் முதன்மை மாந்தரே இவ்வழக்கைப் பேசுகின்றனர்.

பள்ளியிலும் பணியிடத்திலும்

எழுதக் கற்கும் குழந்தை, தான் ஒலிப்பதையே எழுத முயல்கிறது. தெற்கே 'பளம்' என எழுதும் குழந்தைக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு கற்பிக்கப்படுகிறது. இங்கே 'பயம்' என எழுதும் குழந்தையின் வீட்டுப் பேச்சே திருத்தப்பட வேண்டியதாக எண்ணப்படும் நிலை உண்டு. இரண்டும் ஒரே வகை எழுத்துப்பிழைகள். வீட்டில் ஒலிக்கும் முறை வேறு, எழுதும் முறை வேறு எனக் கற்பித்தாலே இரண்டும் நீங்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. அதன் பின்னர் திருப்பெரும்புதூர், ஓரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகின. உத்திரமேரூர்ப் பகுதி இளைஞர் அங்கே பிற மாவட்டத்தாருடன் பணிபுரிகின்றனர். 'கினு' அங்கே 'கிட்டு' ஆகிவிடுவதும், மாலையில் ஊர் திரும்பியதும் மீண்டும் 'கினு' ஆவதும் இயல்பு.

சொல்லகராதிகள்

வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் பணியைப் பெரும்பாலும் எழுத்தாளர்களே செய்துள்ளனர். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982 இல் வெளிவந்தது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000 இல் வந்தது. கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி (2007) கடலூர், விழுப்புரம் பகுதிச் சொற்களைக் கொண்டது. நில அமைப்பில் உத்திரமேரூருக்கு மிக அண்மையில் உள்ள பகுதி அதுவே ஆதலால், இவ்வட்டாரச் சொற்களை அறிய விரும்புவோர் அந்நூலில் தொடங்கலாம். ஆனால் பாவு, ஊடை, கோர்வை முதலிய காஞ்சிபுரம் நெசவுச் சொற்களுக்கு நெசவாளரையே கேட்க வேண்டும்.