மணலில் எழுதிய முதல் டெர்ம்

நான் குடியிருக்கும் வீட்டு அக்காவின் பொண்ணு ஆகஸ்ட் மாசம் பிரைமரி ஒன் சேர்ந்தாள். இப்போ அக்டோபர் லீவு விட்டாச்சு. அதாவது ஸ்காட்லாந்து கணக்கில் முதல் டெர்ம் ஓவர். "இத்தனை நாளா என்னடி படிச்ச?"னு கேட்டேன். வாண்டு நேரா சமையல்கட்டுக்குப் போய், ஒரு தட்டில் உப்பைக் கொட்டி, விரலால் எழுத ஆரம்பிச்சிட்டா. ஒவ்வொரு எழுத்துக்கும் வாயால் சத்தம் வேற: ஸ், அ, ட், இ, ப், ன். ஏ, பி, சி, டி வரிசையே கிடையாது. இந்த ஆறு ஒலியை வெச்சே குட்டிக் குட்டி வார்த்தைகள் நிறைய கோர்த்துடலாம் என்பதால் இந்த வரிசை. ஸ்கூலில் உப்புக்குப் பதில் மணல் தட்டாம்.

அக்காவுக்கு மனசே ஆறல. "மண்ணுல எழுதறதுக்கா தம்பி இவ்வளவு தூரம் வந்தோம்? எங்க தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரில்ல இருக்கு!"

"அக்கா, இந்த ஊருக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே நம்ம திண்ணைதான்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க. அவங்களுக்காகத்தான் இந்தக் கொசுவத்தி. கொஞ்சம் பெரிய சுருள், பொறுத்துக்குங்க.

நான் படிக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் சவுத் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. அங்கே இடிந்த பழைய சர்ச் ஒன்றுக்குப் பின்னால் 'மெட்ராஸ் காலேஜ்' இருந்த கட்டடம் நிற்கிறது. பேர்தான் காலேஜ், உள்ளே இருந்தது உயர்நிலைப் பள்ளி (2021ல் ஊருக்கு மேற்கே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது). வந்த புதுசில் அந்தப் பேரைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன். நம்ம ஊரே 1996ல் அந்தப் பேரை விட்டுடுச்சு. இவங்க இன்னும் வெச்சிருக்காங்க.

காரணம் ஆண்ட்ரூ பெல். 1753ல் இதே ஊரில் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்து, பாதிரியாராகி, 1787ல் மெட்ராஸ் வந்தவர். 1789ல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பு அவருக்கு வந்தது. ஐரோப்பிய சோல்ஜர்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பையன்கள்தான் அங்கே அதிகம். வாத்தியார்கள் சரியில்லை, எழுத்துப் படிக்கவே பசங்க திணறுகிறார்கள் என்று பெல்லுக்கு ஒரே கவலை.

ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். (அப்போ வெள்ளைக்காரர்கள் தமிழரையும் மலபார் என்றுதான் எழுதுவார்கள்.) பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்கிறார்கள். பெல் திரும்பி வந்து அதையே செய்யச் சொன்னார். அவருடைய வாத்தியார்கள் 'இதெல்லாம் நடக்காது' என்று கையை விரித்துவிட்டார்கள். விடுவாரா மனுஷன்? ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைப் பையன் முடித்துக் காட்டினான். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை இப்படி ஆரம்பித்ததாக இங்கே சொல்வார்கள். நமக்கு அதில் புதுசு ஒண்ணும் இல்லை. திண்ணையில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பேரே இருந்தது.

1796ல் ஊர் திரும்பிய பெல், 1797ல் லண்டனில் இதை ஒரு புத்தகமாகப் போட்டார். அடுத்த வருஷமே லண்டன் ஆல்ட்கேட்டில் ஒரு பள்ளி இதை எடுத்துக்கொண்டது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் தன் பள்ளியில் மணல் மேஜை போட்டார். ஐ, ஹெச், டி என்று நேர்கோட்டு எழுத்துகள் முதலில், அப்புறம் ஏ, வி மாதிரி சாய்கோடு, கடைசியில் ஓ, சி, எஸ் மாதிரி வளைவு. யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு கோஷ்டிக்கும் வருஷக்கணக்கில் சண்டை. திண்ணை வாத்தியாரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, ஹி ஹி.

இதில் முக்கியமான விஷயம், அதுவரைக்கும் இங்கே ஏழைப் பிள்ளைக்கு வாசிப்பு முதலில், எழுத்து ரொம்பப் பின்னாடி. காகிதம், மை, இறகுப் பேனா எல்லாம் காசு. எழுதும் கட்டம் வருமுன்னே பலர் வேலைக்குப் போயிடுவாங்க. மணல் வந்த பிறகு முதல் மாசத்திலேயே கை எழுதுது, வாய் சொல்லுது. இரண்டும் ஒண்ணா நடக்குது.

நம்ம பக்கம் அப்போ எப்படி இருந்தது? தாமஸ் மன்றோ 1822ல் கணக்கெடுக்கச் சொன்னதில் மெட்ராஸ் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். இதில் பெண்கள் 4,540 பேர்தான். தீண்டாமைக்குள் தள்ளப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. அதனால் 'ஆஹா நம் பொற்காலம்' என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823ல் அனுப்பிய அறிக்கையில், தன் மாவட்டத்துப் பிள்ளையின் முதல் நாட்களை அழகாக எழுதியிருக்கிறார். ஐந்து வயதில் சேர்ப்பு. பிள்ளையார் கும்பிட்டு, அரிசியில் விரலால் சாமி பேர். அப்புறம் மணல். காலையில் முதலில் வருகிறவன் உள்ளங்கையில் சரஸ்வதி பேர் எழுதுவார்கள். இரண்டாவது ஆளுக்குப் பூஜ்யம். மூன்றாவது ஆளுக்கு ஒரு அடி, நான்காவதுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கிட்டே போகும். (நான் படித்திருந்தால் கை வீங்கியிருக்கும்.) செலவில்லாமல் எழுதக் கற்பிப்பதும், மூத்தவன் இளையவனுக்குச் சொல்வதும் இங்கிலாந்து காப்பியடித்ததற்குத் தகுதியானவைதான் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். அர்த்தம் புரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்றும் குறை சொல்கிறார். அதுவும் நியாயமான குறைதான்.

எனக்கு உறுத்துவது வேற. இந்த மணலைக் கொண்டுவந்த பெல்லே 1805 வாக்கில், ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, அவங்க நிலைக்கு மேல் ஆசை வந்துடும் என்ற தொனியில் எழுதினார். திண்ணையில் ஒரு வாத்தியாருக்குத் துணையாக இருந்த சட்டாம்பிள்ளை, இங்கே ஒரே வாத்தியாரை வெச்சு நூற்றுக்கணக்கான பேரைச் சமாளிக்கும் மலிவு வழியாக மாறிப் போனான்.

வாண்டுவின் மணல் தட்டு நேரா பெல்லிடமிருந்து வந்தது என்று சொன்னால் அது ஓவர். நடுவில் சிலேட்டு வந்து மணலை ஓரங்கட்டிவிட்டது. ஆனா விரலும் வாயும் சேர்ந்து போகிற அந்த வேலை அதேதான்.

பெல் 1832ல் இறந்தபோது கல்விக்கென்று விட்டுப் போனது சுமார் 1,20,000 பவுண்ட். மெட்ராஸ் காலேஜ் அந்தக் காசில்தான் 1833ல் வந்தது. அவரைப் புதைத்தது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில்.

இவ்வளவையும் கேட்டுட்டு அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அந்த எழும்பூர்ப் பக்கத்து வாத்தியார் பேரு என்ன தம்பி?"

யாரும் எழுதி வைக்கல அக்கா.

அக்கா ஒண்ணும் சொல்லாமல் தட்டைக் குலுக்கி உப்பைச் சமப்படுத்தி, வாண்டு விரலைப் பிடிச்சு 'அ' போட வெச்சாங்க. சுழியை வாண்டு எதிர்ப்பக்கமா இழுத்துட்டா. மறுபடி குலுக்கினாங்க.